நின்றால் அழுகிற பிள்ளை

சத்தியபாய் கல்லூரியை விட்டு நின்றது ஈருறுப்புத் தேற்றத்தின் பாதியில். 1934 ஜனவரியில் ஒரு காலை, கரும்பலகையில் ஆறாவது வரியை எழுதிக்கொண்டிருந்தவள் சாக்குக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கணக்கு வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முப்பத்தொரு ஆண்களும் என்ன ஆயிற்று என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புரொபசருக்கு மட்டும் விளங்கிவிட்டது. அவருக்கு ஐந்து பிள்ளைகள். மிச்ச வரிகளை அவரே எழுதி முடித்தார்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. ஏழு மாதம் எதைத் தின்றாலும் குமட்டியது. ஆவணியில் குளோரி பிறந்தாள்.

சத்தியபாயின் கணவன் முத்துநாயகம் அவளுக்கு அத்தை மகன். நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம், கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸின் டிரைவர். அவன் படித்தது நாலாம் பாரம் வரைதான். ஆனாலும் மனைவி கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் நிறைய எழுதியதெல்லாம் கடைசியில் ஒன்று, பூஜ்யம் என்று சுருங்கி வருவதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மற்றவர்கள் வாணவேடிக்கை பார்ப்பது போல அவன் அதைப் பார்ப்பான்.

டிசம்பர் கடைசியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அவள் இன்னும் ஒரு டெர்ம்தான் வகுப்பில் இருக்க வேண்டும். ஜனவரி ஏழாம் தேதி வந்து சேர்ந்தால் மார்ச்சில் இண்டர்மீடியட் பரீட்சை எழுதலாம். சேராவிட்டால் பழைய படிப்பு செல்லாது. முதல் வருஷத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சத்தியபாய் அதை அடுக்களையில் நின்றபடியே மூன்று தடவை வாசித்தாள்.

"அத்தான், பத்து வாரந்தான்."

"பத்து வாரத்துல என்ன கணக்கு வரும்?"

"பெர்முட்டேஷன். டிரிகானமெட்ரியில பாதி. கோனிக்ஸ் முழுசும்."

"கேக்கதுக்கே நல்லா இருக்கே. போ."

"பிள்ளைய என்ன செய்ய?"

முத்துநாயகம் தோளில் கிடந்த குளோரியைத் தட்டிக்கொண்டே முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். உட்கார்ந்தால் அவள் அழுவாள் என்பதால் அந்த வீட்டில் யோசனைகள் எல்லாம் நடந்தபடியே செய்யப்பட்டன. அவனுடைய அம்மா சிதறாலில் மூத்த மகன் வீட்டில் இருந்தாள். அங்கே அவள் கைக்கு ஏற்கனவே இரட்டைப் பிள்ளைகள். கல்லூரியில் பெண்கள் இளைப்பாறும் அறையில் தொட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதினார்கள். விதியில் அதற்கு இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. கடைசியில் அடுத்த வீட்டு லீலாபாய் முன்வந்தாள்.

"நாலு பெத்தவளுக்கு இது ஒரு வேலையா? நீ போயிட்டு வா."

ஏழாம் தேதி காலை சத்தியபாய் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே புறப்பட்டாள். தெருமுனை தாண்டுகிறவரை நடந்தாள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஓடினாள். வகுப்பில் அவளுடைய பழைய பெஞ்சு அதே மூலையில் கிடந்தது. புரொபசர் உள்ளே வந்தார், அவளைப் பார்த்தார், கரும்பலகை பக்கம் திரும்பி, "நாம் ஆறாவது வரியில் நின்றிருந்தோம்" என்றார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

அங்கே லீலாபாய்க்குக் கண்ணீர் மட்டும்தான் வந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்கிய அழுகையைக் குளோரி நிறுத்தவேயில்லை. ஆட்டுப்பால், கிலுகிலுப்பை, சர்க்கரைத் தண்ணீர் எதற்கும் மசியவில்லை. பத்து மணி ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது முத்துநாயகத்தின் பஸ் தெருவழியே வந்தது. லீலாபாய் நடு ரோட்டில் போய் நின்றாள். பஸ் நின்றதும் பிள்ளையை நேரே கண்டக்டர் கையில் கொடுத்தாள்.

"முத்துநாயகம், இந்தா ஒனக்க பிள்ள. நாலு பெத்தும் இப்பிடி ஒண்ணப் பாத்ததில்ல."

கண்டக்டர் ததேயுஸ் கடற்கரைப் பையன், கல்யாணம் ஆகாதவன். டிக்கெட் பையைவிடக் கனமான எதையும் வேலை நேரத்தில் தூக்கியதில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இதுக்கு எந்த ஊருக்கு டிக்கெட்டு?" என்று கேட்டான்.

வண்டி நகர்ந்தது. பத்து கஜம் போவதற்குள் குளோரி வாயை மூடினாள். கோட்டாறு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

இடலாக்குடியில் ஆள் ஏற்ற வண்டி நின்றது. குளோரி கண்ணைத் திறந்தாள், ஒரு கணம் நிலைமையைக் கவனித்தாள், அலறினாள். வண்டி கிளம்பியது, தூங்கினாள். சுசீந்திரத்தில் நின்றது, அலறினாள். கிளம்பியது, தூங்கினாள். கொட்டாரம் போவதற்குள் வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் அவளுடைய சட்டம் மனப்பாடம் ஆகிவிட்டது. அசைத்து ஏமாற்றலாம் என்று ஒருவர் மடியில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அது செல்லவில்லை. முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அன்று வண்டி திரும்பிக் கல்லூரி வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். பதினொன்றரைக்கு விட்ட பத்து நிமிஷ இடைவேளை எப்போதோ முடிந்துவிட்டது. வகுப்பில் சத்தியபாய், பால் கட்டி ரவிக்கை நனைய, சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி நின்றதும் எழுந்த அந்தக் குரலை அவள் நூறு குரலில் அடையாளம் கண்டுகொள்வாள். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து ஓடினாள். புரொபசர் இந்தத் தடவையும் மிச்ச வரிகளைத் தானே எழுதினார்.

சாயங்காலம் அவள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணவனையும் ததேயுஸையும் உட்காரச் சொன்னாள்.

"போக வர வண்டி எங்கெல்லாம் நிக்கும்? விடாமச் சொல்லுங்க."

சொன்னார்கள். இருபத்துமூன்று இடங்கள். அதில் நான்கு இடம் யாரும் ஏறாத, இறங்காத இடங்கள். முத்துநாயகத்துக்குப் பழக்கமான காப்பிக்கடைகள்.

"ஓடுத நேரம் எழுபத்தஞ்சு நிமிஷம். நிக்குத நேரம் அம்பது. நான் பத்து மணி வகுப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பால் குடுத்துப் பிள்ளைய ஏத்திருவேன். பதினொன்றரைக்கு நீங்க வாசலுக்கு வந்திரணும். மொத்தம் நூறு நிமிஷம். குமரியில ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த ஒரு பத்து நிமிஷம் போனா, மிச்சம் பதினஞ்சு."

"இருபத்துமூணு எடத்துக்குப் பதினஞ்சு நிமிஷமா?" என்றான் முத்துநாயகம்.

"பதினோரு எடம் போதும் அத்தான். காப்பிக்கட ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணு கூடவா?"

அவள் அந்த ஒன்றை மட்டும் குமரியில் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குள் சேர்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் டிரைவர் இருக்கைக்குப் பின்னால், கூரைக் கம்பியில் சத்தியபாயின் பழைய சேலை தொட்டிலாகத் தொங்கியது. ததேயுஸ் ஒவ்வொரு ஊரிலும் அறிவித்தான்: "வண்டி தூரத்துல கண்டதும் எந்திச்சு வரிசையா நில்லுங்க. வண்டி நிக்காது, மெள்ளப் போவும். தொத்திக்கிடணும். வயசாளியளுக்கு மட்டும் நிக்கும், அதுவும் பத்து எண்ணுக வரைக்கும்."

முதல் இரண்டு நாள் ஜனங்கள் திட்டினார்கள். மூன்றாம் நாள் குளோரியின் அழுகையைக் கேட்டதும் திட்டுவதை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில், கொட்டாரம் விலக்கில் ஆட்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டப் பந்தயத்துக்கு நிற்பவர்கள் போலத் தயாராக நிற்க ஆரம்பித்தார்கள். மூட்டை முதலில் ஏறும், பிறகு ஆள் ஏறுவார், கடைசியில் செருப்பு ஏறும். வண்டிக்குள் எல்லோரும் ரகசியம் பேசுவது போலப் பேசினார்கள். வயதானவர்களுக்காக வண்டி நிற்கும்போது ததேயுஸ் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்குவான். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் வாய்க்குள் கூடச் சேர்ந்து எண்ணுவார்கள். எட்டில் கிளம்பிவிட்டால் எல்லோர் முகத்திலும் ஜெயித்த களை வரும்.

பதினொன்றரைக்கு வண்டி கல்லூரி வாசலில் நிற்கும். சத்தியபாய் பெண்கள் அறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். பத்து நிமிஷத்தில் பால் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து தொட்டிலில் போடுவாள். ஒன்று இருபதுக்கு மறுபடியும். மூன்று நாற்பதுக்கு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வண்டியும் வந்துவிட்டிருக்கும்.

சனிக்கிழமை கல்லூரி அரை நாள். மத்தியானம் அவளும் அதே வண்டியில் ஏறிக் குமரிவரை போய்த் திரும்புவாள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, பிள்ளை விடாது. வண்டியில் பிள்ளை தூங்கும், அவள் மடியில் நோட்டை வைத்து எழுதுவாள். எழுத்து கோணலாக வரும், விடை சரியாக வரும்.

கருவாட்டுக் கூடையோடு தினமும் டவுனுக்கு வருகிற இசபெல் அவள் எதிரில்தான் உட்காருவாள். குமரிக் கடற்கரையைச் சேர்ந்தவள், ஐம்பது வயது, கூடையை வண்டியின் கூரையில் ஏற்ற ஒத்துக்கொள்ளாதவள்.

"என்ன மக்கா எழுதுக?"

"ஒரு பெஞ்சில ஏழு பேரு இருக்காங்க அக்கா. எத்தன விதமா மாறி மாறி இருக்கலாம்னு கணக்கு."

இசபெல் தான் இருந்த பெஞ்சை எண்ணினாள். சரியாக ஏழு பேர்தான் இருந்தார்கள். "ஒரு இருபது முப்பது விதமா இருக்கலாம்."

"ஐயாயிரத்து நாப்பது."

வண்டிக்குள் ரகசியப் பேச்சு நின்றது. சுசீந்திரம் கோயில் மடப்பள்ளிக்குக் காய்கறி கொண்டுபோகும் ரத்தினம் பிள்ளை, "அம்மா, அது எப்படி?" என்றார். சத்தியபாய் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள். முதல் இடத்தில் ஏழு பேரில் யாரும் உட்காரலாம்; அவர் உட்கார்ந்த பிறகு அடுத்த இடத்துக்கு ஆறு பேர்; அதற்கடுத்து ஐந்து. பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ரத்தினம் பிள்ளை விரலை மடக்கிப் பெருக்கினார். கோட்டாறு தாண்டும்போது "சரியா வருது" என்றார், எதையோ கண்டெடுத்தவர் குரலில்.

"எல்லாம் செரி," என்றாள் இசபெல், ரத்தினம் பிள்ளையைக் கைகாட்டி. "நான் இவருக்குப் பக்கத்துல இருக்கமாட்டேன். எனக்க கூடையப் பாத்தா மூக்கப் பொத்துகாரு. அப்ப எத்தன?"

சத்தியபாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, அடுத்த கணக்கே அதுதான்."

சேர்ந்து உட்காருவது எத்தனை விதம் என்று முதலில் கண்டுபிடித்து அதைக் கழிக்க வேண்டும் என்றாள். இரண்டு பேரையும் ஒரே ஆளாகக் கட்டி வைத்துவிட்டால் ஆறு பேர். கட்டி வைப்பது என்றதும் ரத்தினம் பிள்ளை சற்று நெளிந்தார். வண்டி முழுவதும் கணக்கில் இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முத்துநாயகம், "ரெண்டால பெருக்கணும், அவிய எடமும் வலமும் மாறி இருக்கலாம்லா" என்று குரல் கொடுத்தான். இடலாக்குடியில் ததேயுஸ் விசில் ஊத மறந்துபோனான். மூவாயிரத்து அறுநூறு என்று வந்தபோது இசபெல் தொடையில் தட்டிக்கொண்டு, "மூவாயிரத்து அறுநூறு வழி இருக்கு வே, என்னத்துக்கு எனக்கப் பக்கத்துலயே வந்து இருக்கீரு?" என்று ரத்தினம் பிள்ளையைக் கேட்டாள்.

பிப்ரவரியில்தான் இடைஞ்சல் வந்தது. ஒரு வக்கீல் குடையைத் தூக்கிக் காட்டியும் வண்டி நிற்காமல் போய்விட்டது என்று முதலாளி கிருஷ்ணமணியிடம் புகார் செய்தார். கிருஷ்ணமணிக்கு மூன்று பஸ்கள். அவர் முத்துநாயகத்தை ஷெட்டுக்குக் கூப்பிட்டார்.

"எனக்க வண்டியில தொட்டிலு கெட்டியிருக்கியாமே."

"ஆமா மொதலாளி."

"நாளைக்கு அவுத்திரு."

முத்துநாயகம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். குளோரி அழுதாள், எழுந்து நடந்தான். சத்தியபாய் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தாள். ததேயுஸிடம் மூன்று வண்டிகளும் போய்த் திரும்ப எடுத்த நேரங்களை ஒரு மாதத்துக்கு எழுதி வாங்கி, தாளில் புள்ளி வைத்து, கோடு இழுத்தாள். மறுநாள் காலை அந்தத் தாளோடு அவளே முதலாளி வீட்டுக்குப் போனாள். குளோரியைக் கணவன் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தான்.

கிருஷ்ணமணி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்ன, மகேந்திரகிரி மல மாதிரி ஏறி எறங்கி?"

"அது உங்க ரெண்டாம் வண்டி. ஒரு நாள் ஒண்ணே முக்கால் மணிக்கூறு, ஒரு நாள் ரெண்டரை."

"இது?"

"மூணாம் வண்டி. இன்னும் மோசம்."

"இங்க நேரா ஒரு கோடு போகுதே."

"அது நாங்க," என்றாள் சத்தியபாய்.

அவர் அந்த நேர்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, நடந்துகொண்டிருந்த முத்துநாயகத்தையும் அவன் தோளில் கிடந்த பிள்ளையையும் பார்த்தார். "பரீட்ச முடியுத வரைக்கும் கெடக்கட்டும். வக்கீலுக்கு மட்டும் நின்னு ஏத்தணும். நானும் ஒரு நாள் வந்து ஏறுவேன்." தாளை அவர் திருப்பித் தரவில்லை.

மார்ச் வந்தது. கணக்குப் பரீட்சை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். பரீட்சையை நடத்த வெளியூரிலிருந்து ராஜமணி என்ற சரித்திர ஆசிரியர் வந்திருந்தார். மெலிந்த மனிதர், விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். முந்தின நாள் சத்தியபாய் போய்க் கேட்டபோது அதை எடுத்துப் புரட்டினார்.

"வெளியே போகலாம். ஆனால் பாடம் தெரியாத ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் நல்லது. அப்படி யாராவது இருக்கிறார்களா?"

"பிள்ளையத் தூக்கிட்டு வரப்போற அக்காவே இருக்காங்க சார். எழுதப் படிக்கத் தெரியாது."

"மிகவும் பொருத்தம்," என்றார் ராஜமணி.

பரீட்சையன்று பதினொன்றரைக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. இசபெல் குளோரியை இடுப்பிலும் கூடையை மறு கையிலுமாக வைத்துக்கொண்டு பெண்கள் அறைப் பக்கம் வந்தாள். சத்தியபாய் பாதி எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடி வந்தாள். ராஜமணி வழியை மறித்து, கடமைக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, உங்களுக்குக் கணக்குத் தெரியாதல்லவா?"

இசபெல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு சொன்னா தெரியாதுன்னு? சாரே, ஒரு பெஞ்சில ஏழு பேரு ஐயாயிரத்து நாப்பது விதமா இருக்கலாம். அதுல ரெண்டு பேருக்குப் பிணக்குன்னா மூவாயிரத்து அறுநூறு. வேணும்னா பெருக்கிப் பாரும்."

ராஜமணியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சத்தியபாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்கள் கூடவே இருக்க முடியாது," என்றார் ராஜமணி. "பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தயவுசெய்து போய்விடுங்கள்."

"கணக்குத் தெரிஞ்சது ஒரு குத்தமா?" என்று இசபெல் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி சந்தைக்கு நடந்தாள்.

ராஜமணி சுற்றிலும் பார்த்தார். மேற்பார்வைக்கு நின்றவர்களில் இரண்டு பேர் பௌதிகம், ஒருவர் ரசாயனம். பெருமூச்சு விட்டார். "இந்த இடத்தில் கணக்கு அறவே தெரியாதவன் நான் ஒருவன்தான். உள்ளே போங்கள் அம்மா. நான் வாசலில் திரும்பி நிற்கிறேன்."

பத்து நிமிஷம் அவர் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தியபாய் வெளியே வந்து பார்த்தால் இசபெல்லைக் காணோம். மண்டபத்தில் ஒரு நீள்வட்டக் கணக்கு அவளுக்காகப் பாதியில் காத்துக் கிடந்தது. "சார், இவளக் கொஞ்சம் பிடிங்க. வண்டியிலருந்து கண்டக்டர் வந்து வாங்கிக்கிடுவாரு" என்று பிள்ளையை அவர் கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

கண்டக்டர் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோன இசபெல்லே திரும்பக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டிருப்பாள் என்று ததேயுஸ் நினைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. தொட்டில் கனத்துத்தான் தொங்கியது. அன்று வண்டியில் நல்ல கூட்டம். ரத்தினம் பிள்ளை மடப்பள்ளிக்குக் கொண்டுபோன தடியங்காயை, பிள்ளையின் கனமிருக்கும் முழு வெள்ளைப் பூசணியை, காலடியில் வைக்க இடமில்லாமல், குளோரி வருகிறவரைக்கும் என்று தொட்டிலுக்குள் வைத்திருந்தார். வைத்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். முன்பெஞ்சில், சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்கென்று வந்து ஏறிய முதலாளி கிருஷ்ணமணி, கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். முத்துநாயகம் திரும்பித் தொட்டிலைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், பதினொன்று நாற்பதுக்கு வண்டியை எடுத்தான்.

இங்கே ராஜமணி பிள்ளையோடு மண்டபத்துக்கு வந்து வாசலில் நின்றார். நின்றதும் குளோரி அலறினாள். அறுபது தலைகள் நிமிர்ந்தன. பதறிப்போய் இரண்டு அடி எடுத்து வைத்தார், அலறல் நின்றது. நின்று பார்த்தார்; தொடங்கியது. நடந்தார், நின்றது. சரித்திர ஆசிரியருக்கு விதி விளங்கிவிட்டது. சத்தியபாய் பாதி எழுந்துவிட்டாள். அவர் ஒரு விரலை உயர்த்தி, உட்கார் என்று சைகை காட்டினார். பிறகு பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே மேற்கேயும் கிழக்கேயுமாக நடக்கத் தொடங்கினார்.

சத்தியபாய் தலையைக் குனிந்து எழுதினாள். ஒவ்வொரு முறை அவர் பக்கத்தில் கடந்து போகும்போதும் குளோரியின் குட்டிப் பாதம் அவருடைய சட்டைப் பையை, விதிப் புத்தகத்தை, உதைத்துக்கொண்டு போனது. வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். சிரிப்போடு சேர்ந்து வேறு ஏதோ ஒன்றும் உள்ளே திறந்துகொண்டது. காலையில் பிடிகொடுக்காமல் இருந்த நீள்வட்டம் நாலு வரியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. இப்படி ஒரு வேகம் தன் கைக்கு இருக்கிறது என்று அவளுக்கே அதுவரை தெரியாது.

சுசீந்திரத்தில் ஒரு முதியவருக்காக வண்டி நின்றது. ததேயுஸ் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தான். வண்டியும் எண்ணியது. நாலு வந்தது, ஆறு வந்தது. எட்டில் எல்லோருடைய குரலும் தேய்ந்து நின்றுபோயிற்று. வண்டி நின்றிருந்தது, பிள்ளை அழவில்லை. அப்படி ஓர் அமைதியை அந்த வண்டி இரண்டு மாதமாகக் கேட்டதில்லை.

ததேயுஸ் தொட்டிலை விலக்கிப் பார்த்தான். "அண்ணே," என்றான். "தடியங்காயில்லா கெடக்கு."

முத்துநாயகம் இருக்கையிலிருந்து திரும்பினான். முகம் வெளுத்துவிட்டது. விழித்துக்கொண்ட ரத்தினம் பிள்ளை, "ஐயோ, அது நான் வச்சது" என்று காயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. வண்டி முழுவதும் முன்பெஞ்சைப் பார்த்தது. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நேர்கோடு தவறாத வண்டி. குமரிக்குப் போக வேண்டிய முப்பது பேர். அவர் கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டார்.

"என்னலே பாத்துட்டு நிக்க? வண்டியத் திருப்பு."

திரும்பிய வண்டி எங்கேயும் நிற்கவில்லை; மெதுவாகக்கூடப் போகவில்லை. சுசீந்திரத்தில் இறங்க வேண்டியவர்களும் இறங்கவில்லை. கல்லூரி வாசலில் நின்றதும் முத்துநாயகமும் ததேயுஸும் முதலாளியும் மண்டபத்தின் பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். உள்ளே ராஜமணி பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. ஜன்னலில் மூன்று முகங்களைக் கண்டதும் நடையை நிறுத்தாமலே விரலை உதட்டில் வைத்தார். தகப்பன் கையை நீட்டினான். ராஜமணி தலையை அசைத்து மறுத்துவிட்டார். கை மாற்றினால் நிற்க வேண்டிவரும், நின்றால் அறுபது பேருடைய பரீட்சை போகும். ஒரு மணி வரைக்கும் நடந்தார்.

மணி அடித்ததும் அவர் நேரே சத்தியபாயின் இடத்துக்கு வந்தார். அங்கேயும் நிற்காமல் பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எல்லாம் எழுதியாயிற்றா?"

"எழுதிட்டேன் சார். ஒண்ணு விடாம."

"அப்படியானால் இவளை வாங்கிக்கொள்ளுங்கள். நடந்தபடியே வாங்குங்கள்."

இருவரும் பெஞ்சைச் சுற்றி ஒன்றாக நாலு அடி நடந்தார்கள். அந்த நடையில் குளோரி கை மாறினாள். வாசலில் முப்பது பேர் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். சந்தையிலிருந்து திரும்பிய இசபெல்லும் அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். ராஜமணி ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டார். அவர் பக்கத்தில் இசபெல் கூடையை இறக்கி வைத்தாள்.

"சாரே, கணக்கு தெரியாட்டாலும் நீரு நல்லா நடக்கீரு."

மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. சத்தியபாய் முதல் வகுப்பு. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. முத்துநாயகம் அந்தச் செய்தித்தாளை வண்டியில் உரக்க வாசித்தான், குமரியில் ஒருமுறை, திரும்பும்போது ஒவ்வொரு ஊரிலும் ஒருமுறை. குளோரி அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். வண்டி நின்றால்தான் தவழ வசதி என்று கண்டுகொண்டு, ஓடினால் அழுதாள். மேலே படிக்கத் திருவனந்தபுரம்தான் போக வேண்டும் என்பதால், கிருஷ்ணமணி அங்கே தெரிந்த ஒரு பஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். களியக்காவிளை வரை வந்து திரும்பும் வண்டியில் முத்துநாயகத்துக்கு வேலை கிடைத்தது. ஜூனில் மூவரும் பெட்டியும் படுக்கையுமாக அங்கே போனார்கள். சத்தியபாய் பி.ஏ. கணிதத்தில் சேர்ந்தாள்.

அங்கே முதல் வாரத்தில் புதிய புரொபசர் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்தார். அதன்மேல் இரண்டு புள்ளி வைத்து, இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தார். பிறகு இரண்டாவது புள்ளியை அழித்து முதல் புள்ளிக்குக் கிட்டத்தில் வைத்தார். மறுபடியும் அழித்து, இன்னும் கிட்டத்தில். கோடு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாய்ந்துகொடுத்தது. இரண்டு புள்ளியும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்போது கோடு இல்லாமல் போய்விடும் என்றுதான் சத்தியபாய் நினைத்தாள். போகவில்லை. வளைவைத் தொட்டும் தொடாமலும், ஒரே ஓர் இடத்தில் உரசிக்கொண்டு, நேராக நின்றது.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"என்ன?" என்று கேட்டார் புரொபசர்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் சத்தியபாய், எழுந்து நின்று, சிரிப்பு இன்னும் அடங்காமல். "ரொம்ப நல்லா இருக்கு. இன்னொரு தடவ வரைஞ்சு காட்டுங்க."

புரொபசர் பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து வரையத் தொடங்கினார்.